தூசி உறைக்குள் ஒரு லேன்சர்: ராலி பந்தயத்தின் கதையும் பழைய ரசிகர்களின் பெருமூச்சும்



நம் அடித்தள பார்க்கிங்கில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், சாம்பல் நிற உறை போர்த்திய ஒரு கார் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "யாருடைய கார் இது? ஓடுமா, ஓடாதா?" என்று உங்களில் பலர் காவலாளியிடம் விசாரித்ததும் எனக்குத் தெரியும். என்னுடையதுதான். பழைய லேன்சர். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று சங்கத்திலிருந்து இரண்டு முறை நினைவூட்டலும் வந்துவிட்டது. நியாயமான நினைவூட்டல்தான், மறுக்கவில்லை.

இந்த இதழுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் குழு கேட்டபோது, அந்தக் காரை ஏன் இத்தனை காலம் விடாமல் வைத்திருக்கிறேன் என்பதையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. அதைச் சொல்ல, ராலி பந்தயத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

ராலி என்றால் என்ன?

ராலி என்றதும் உங்களில் சிலருக்குக் கொடியும் கோஷமும் நினைவுக்கு வரலாம். கார் ராலி வேறு. ஃபார்முலா 1 போன்ற பந்தயத்தில் எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே வட்டத்தைச் சுற்றி வரும். ராலியில் கார்கள் சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பக்கத்தில் முந்துவதற்கு எவரும் இருக்க மாட்டார்கள். போட்டி கடிகாரத்தோடுதான். ஓடுவது மலைச்சாலையில், காட்டுப் பாதையில், பனியில், சேற்றில். காருக்குள் இருவர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் நோட்டைப் பார்த்து அடுத்த வளைவைச் சொல்லிக்கொண்டே வருவார்.

1911இல் தொடங்கிய மான்டி கார்லோ ராலிதான் இந்தப் பெயருக்குப் புகழ் தேடித் தந்தது. ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களிலிருந்து, நடுக்குளிரில், கார்கள் புறப்பட்டு மான்டி கார்லோவில் ஒன்றுகூட வேண்டும். "வந்து சேர்வதே சாதனை" என்பதுதான் அன்றைய மனநிலை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரசிகர்களின் ஏக்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கரிசல் சேற்றில் ஐயாயிரம் கிலோமீட்டர்

நான் ராலிக்கு அடிமையானது எண்பதுகளின் தொடக்கத்தில், கல்லூரி நாட்களில். நூலகத்துக்கு வெளிநாட்டு கார் பத்திரிகைகள் பல வாரம் தாமதமாக வரும். அதில் ஒரு படம். முன்பக்கம் இரும்புக் கம்பிச் சட்டம் கட்டிய கார் ஒன்று, கூரை வரை சேறு அப்பி, ஒரு வெள்ளப் பெருக்கைப் பிளந்துகொண்டு வருகிறது. கீழே "சஃபாரி ராலி, கென்யா" என்று போட்டிருந்தது. அன்று பிடித்த பைத்தியம்.

சஃபாரி ராலி 1953இல் தொடங்கியது. எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை ஒட்டி, கென்யா, உகாண்டா, டாங்கனிகா ஆகிய மூன்று நாடுகளின் சாலைகளில் நடத்தினார்கள். ஆரம்ப ஆண்டுகளில் கார்களை இன்ஜின் அளவை வைத்துப் பிரிக்கவில்லை, விலையை வைத்துப் பிரித்தார்கள். கடையில் வாங்கும் கார் இந்த ஊர்ச் சாலையைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. வாங்கப் போகிறவனின் கேள்வியும் அதுதானே!

பல ஆண்டுகள் ஈஸ்டர் விடுமுறையில்தான் சஃபாரி நடந்தது. அது அங்கே மழை தொடங்கும் காலம். வெயிலில் மாவுபோல் பறக்கும் செம்மண் ஒரு பக்கம். மழை பெய்தால் சக்கரத்தை விழுங்கும் கருமண் மறு பக்கம். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழை நாளில் சைக்கிள் தள்ளியவர்களுக்குப் புரியும். எழுபதுகளில் பாதையின் நீளம் ஐயாயிரம் கிலோமீட்டரைத் தொட்டது. சாலையும் மூடப்படாது. எதிரே லாரி வரலாம், மாடு வரலாம், ஒட்டகச்சிவிங்கியும் வரலாம். பிற்காலத்தில் வசதியுள்ள அணிகள் மேலே ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, முன்னால் என்ன நிற்கிறது என்று ஓட்டுநருக்குச் சொல்லும் அளவுக்குப் போனார்கள்.

1963இல் எண்பதுக்கும் மேற்பட்ட கார்கள் புறப்பட்டன. முடித்தவை ஏழு. 1968இலும் அதே கதை, அதே ஏழு. இரண்டு முறையும் வென்றவர் நிக் நோவிட்ஸ்கி, இரண்டு முறையும் பியூஜோ 404. முடித்த ஏழு அணிகளையும் "மூழ்காத ஏழு" என்று கொண்டாடினார்கள். கடைசியாக வந்தவருக்கும் அந்தப் பட்டியலில் இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நமக்கு நெருக்கமான இரண்டு பெயர்களையும் சொல்லியாக வேண்டும். ஜோகிந்தர் சிங், கென்யாவின் கெரிச்சோவில் பிறந்த சீக்கியர், மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன கார்களுக்கு உதவச் செல்லும் ரோந்து வேலையும் பார்த்தவர். 1965இல் தம்பி ஜஸ்வந்தை பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, ஏற்கெனவே ஓடித் தேய்ந்த ஒரு வால்வோவில் சஃபாரியை வென்றார். பிறகு 1974இலும் 1976இலும் வென்றார், இரண்டு முறையும் மிட்சுபிஷி லேன்சரில். அடுத்தவர் ஷேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்தவர். இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றியபோது கென்யாவுக்கு வந்தார். மறு ஆண்டே, 1973இல், சஃபாரியை வென்றார். அந்த ஆண்டு அவரும் ஸ்வீடனின் ஹாரி கால்ஸ்ட்ரோமும் சம அபராதப் புள்ளிகளில் முடித்தார்கள். யார் அதிக தூரம் வரை அபராதமே இல்லாமல் ஓடினார் என்று பார்த்து மேத்தாவுக்கு வெற்றி கொடுத்தார்கள். ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு சமன்! பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை வென்று மொத்தம் ஐந்து வெற்றிகளைச் சேர்த்தார்.

1972இல் பின்லாந்தின் ஹன்னு மிக்கோலா வெல்லும் வரை வெளிநாட்டு அணி எதுவும் சஃபாரியை வென்றதில்லை. பெரிய நிறுவனங்கள் பணத்தோடு வந்து இறங்கின. உள்ளூர் மெக்கானிக்குகள் அவர்களைத் தோற்கடித்து அனுப்பினார்கள். கல்லூரி மாணவன் மயங்க இது போதாதா?

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அதே கார்

ராலியின் இரண்டாவது வசீகரம், ஓடுவது நமக்குத் தெரிந்த கார் என்பது. 1964இல் மான்டி கார்லோவை வென்றது பேடி ஹாப்கர்க் ஓட்டிய மினி கூப்பர். இன்ஜின் 1071 சிசி. பெரிய பெரிய அமெரிக்கக் கார்களைப் பின்னுக்குத் தள்ளியது. மறுநாள் காலை லண்டனில் மினியில் ஆபீஸ் போன குமாஸ்தா எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

1987 முதல் வந்த குரூப் ஏ விதிகள் இந்த உறவைச் சட்டமாகவே ஆக்கின. ஒரு காரை ராலியில் ஓட்ட வேண்டுமானால் அதே வகைக் காரை ஆயிரக்கணக்கில் தயாரித்திருக்க வேண்டும். தொடக்கத்தில் 5000 என்று வைத்து, பின்னர் 2500 ஆகக் குறைத்தார்கள். லான்சியா டெல்டா, டொயோட்டா செலிகா, சுபாரு இம்ப்ரேசா, மிட்சுபிஷி லேன்சர் ஆகியவற்றின் வேகமான வடிவங்கள் தெருவுக்கு வந்தது இந்த விதியால்தான். பின்லாந்தின் டோமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலக சாம்பியன். நான்கும் லேன்சரில்.

1998இல் அந்த லேன்சர் நம் பக்கத்து ஊருக்கே வந்தது. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரிக்கத் தொடங்கினார்கள். மாக்கினன் ஓட்டியதில் இருந்த டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் நமக்கு வந்ததில் கிடையாது. ஆனால் பெயர் ஒன்று, முகச்சாயல் ஒன்று. வீட்டுக்கடன் பாக்கி இருக்கும்போதே பழைய லேன்சர் ஒன்றை வாங்கினேன். வீட்டில் ஒரு வாரம் சரியாகப் பேச்சில்லை. கீழே உறைக்குள் இருப்பது அதுதான்.

கை நீட்டினால் தொடும் தூரம்

மூன்றாவது வசீகரம் நெருக்கம். இதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

1981இல் ஆடி குவாட்ரோ உலக ராலிக்கு வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி. அதே ஆண்டு அந்தக் காரில் சான் ரெமோ ராலியை வென்ற பிரான்சின் மிஷேல் மூட்டான், உலக சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண். பக்கத்து இருக்கையில் ஃபாப்ரிசியா போன்ஸ், அவரும் பெண். அடுத்த ஆண்டு மூட்டான் மூன்று ராலிகளை வென்று, சாம்பியன் பட்டத்தில் இரண்டாம் இடம் பிடித்தார்.

பிறகு வந்தது குரூப் பி. இருநூறு கார் செய்தால் போதும், மற்றபடி கட்டுப்பாடு குறைவு. சில ஆண்டுகளுக்குள் ஒரு டன் எடைகூட இல்லாத கார்களில் 500 குதிரைத்திறனைத் தொட்டுவிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. போர்ச்சுகலில் சாலையையே மறித்துக்கொண்டு மக்கள் நிற்பார்கள். கார் வரும்போது கடைசி நொடியில் விலகுவார்கள். ஓடும் காரைத் தொட்டுவிட்டால் அது ஒரு வீரம். அந்தக் கூட்டம் இரண்டாகப் பிளக்கும் படம் ஒன்றைப் பத்திரிகையிலிருந்து வெட்டி என் விடுதி அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். "நானும் ஒருநாள் அங்கே நிற்பேன்" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

1986 மார்ச்சில், அதே போர்ச்சுகலில், சாலையில் நின்ற ரசிகர்களைத் தவிர்க்கப் போய் ஒரு ஃபோர்டு ஆர்எஸ்200 கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் பாய்ந்தது. மூவர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். முன்னணி அணிகளின் ஓட்டுநர்கள் இனி ஓட்ட மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, மே 2 அன்று, கோர்சிகா தீவில் ஹென்ரி டோய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் சென்ற லான்சியா சரிவில் விழுந்து எரிந்தது. எஞ்சியது கருகிய சட்டம் மட்டுமே. சரியாக ஓராண்டுக்கு முன், அதே தேதியில், அதே ராலியில், அதே நிறுவனக் காரில் அட்டிலியோ பெட்டேகா இறந்திருந்தார். குரூப் பி அடுத்த ஆண்டு முதல் தடை என்று அறிவிப்பு உடனே வந்தது.

செய்தியைப் படித்த பிறகும் அந்தப் படம் என் சுவரில் பல நாள் இருந்தது. கழற்ற மனம் வரவில்லை. கழற்றியபோதும் கிழித்துப் போடாமல் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "அந்தக் காலத்து ராலி மாதிரி வருமா" என்று பழைய ரசிகர்கள் பேசும்போது, அந்தக் காலத்தின் இந்தப் பக்கத்தை நாங்கள் மெல்லத் தாண்டிப் போய்விடுகிறோம். காரும் விதிகளும் மட்டுமே குற்றவாளிகள் அல்ல. சாலையில் நின்றது எங்களைப் போன்ற ரசிகர்கள்.

பிறகு என்ன மாறியது?

ஏறக்குறைய எல்லாமே. இரவு முழுக்க ஓடும் நெடும்பாதைகள் குறைந்தன. நாடு முழுவதும் சுற்றிய ராலிகள் ஓர் ஊரை மையமாக வைத்து, அதைச் சுற்றியுள்ள மூடப்பட்ட சாலைகளுக்குள் அடங்கின. பழுது பார்க்கவும் ஒரே இடம், கணக்கான நேரம். ரசிகர்களுக்கு வேலி வந்தது, கயிறு வந்தது. கூட்டம் எல்லை மீறினால் அந்தப் பகுதியையே ரத்து செய்கிறார்கள். சரியான முடிவு.

1997இல் வந்த புதிய விதிகள், ஆயிரக்கணக்கில் சிறப்புக் கார்களைத் தயாரிக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தின. அதனால் பல நிறுவனங்கள் உள்ளே வந்தன. 2002இல் பியூஜோ, ஃபோர்டு, சுபாரு, மிட்சுபிஷி, ஸ்கோடா, ஹூண்டாய் என்று பெரிய பட்டியலே இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக விலகின. 2008 முடிவில் சுபாருவும் போனது. செபாஸ்டியன் லோப் 2004 முதல் 2012 வரை ஒன்பது முறை தொடர்ந்து சாம்பியன். அடுத்து இன்னொரு செபாஸ்டியன், ஓஜியே, தொடர்ந்து ஆறு முறை. இருவரும் மேதைகள், சந்தேகமில்லை. ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையை எத்தனை ஆண்டு பார்ப்பது?

இன்றைய கார்? நம் பார்க்கிங்கில் எத்தனை ஐ20 நிற்கின்றன, எண்ணிப் பாருங்கள். 2024இல் தியரி நூவில் உலக சாம்பியன் ஆனது அதே பெயருள்ள காரில்தான். ஆனால் அதன் உள்ளே இருப்பது முழுக்கப் பந்தயத்துக்கென்றே குழாய்களால் கட்டிய சட்டகம். உங்கள் ஐ20க்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான். ஓட்டுநரையும் துணை ஓட்டுநரையும் உயிரோடு வெளியே கொண்டுவருவது அந்தக் குழாய்க் கூண்டுதான் என்பதும் உண்மை.

சஃபாரி? 2002க்குப் பிறகு உலகப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. திறந்த சாலை, நீண்ட தூரம், அதற்கேற்ற பணம் என எதுவும் புதிய கணக்குக்குள் அடங்கவில்லை. பத்தொன்பது ஆண்டு கழித்து, 2021இல், நைவாஷா ஏரிப் பக்கம் திரும்பி வந்தது. மூடப்பட்ட பாதைகள், நேரம் கணக்கிடும் தூரம் சுமார் 320 கிலோமீட்டர். ஐயாயிரம் எங்கே, முந்நூற்று இருபது எங்கே!

நான் தவறாகக் கணக்குப் போட்ட இடம்

இவ்வளவும் இழப்புக் கணக்குதான். பல ஆண்டுகள் நானும் இப்படித்தான் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள நாளாயிற்று.

பழைய ரசிகன் உண்மையில் எவ்வளவு பார்த்தான்? காட்டுக்குள் ஐந்து மணி நேரம் காத்திருந்து, ஒரு காரைப் பத்து நொடி பார்ப்பான். பிறகு தூசி. யார் முன்னிலை என்று தெரிய மறுநாள் பேப்பர் வர வேண்டும். நானோ அந்தப் பத்து நொடியும் பார்த்தவன் இல்லை. மாதம் ஒரு படம் பார்த்தேன், மீதி ஐயாயிரம் கிலோமீட்டரையும் என் மனத்திலேயே ஓட்டிக்கொண்டேன். இன்று 2018 முதல் எல்லாப் பகுதிகளும் நேரலை. காருக்குள் கேமரா, மேலே ஹெலிகாப்டர் கேமரா, நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கு. எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. கற்பனைக்கு வேலை இல்லை. "ராலி சுருங்கிவிட்டது" என்று நான் சொன்னதில் பாதி, என் கற்பனைக்கு இருந்த இடம் சுருங்கியதுதான்.

அப்படியானால் மிச்சம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது பக்கத்து இருக்கையில் இருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2005 செப்டம்பர், பிரிட்டன் ராலி. கடைசி நாள் மார்கோ மார்ட்டினின் பியூஜோ ஒரு மரத்தில் மோதியது. மோதியது துணை ஓட்டுநர் பக்கம். மைக்கேல் பார்க் அங்கேயே இறந்தார். அன்று லோப் முன்னிலையில் இருந்தார். அப்படியே முடித்திருந்தால் உலக சாம்பியன் பட்டம் அன்றே உறுதியாகியிருக்கும். அவர் வேண்டுமென்றே நேர அபராதம் வாங்கிக்கொண்டு பின்னுக்குப் போனார். அந்த நாளில் பட்டம் வெல்ல அவருக்கு மனமில்லை. மீதமிருந்த பகுதிகளும் ரத்தாயின.

ராலியில் ஓட்டுநர் கண்ணால் பார்த்து ஓட்டுவதில்லை. மேட்டுக்கு அப்பால் சாலை இடமா வலமா என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சொல்வதை நம்பி, வேகத்தைக் குறைக்காமல் தாண்டுகிறார். சொல்பவரோ சாலையைப் பார்ப்பதில்லை, நோட்டைப் பார்த்துப் படிக்கிறார். ஒருவர் கையில் மற்றவர் உயிர். 1965இல் அண்ணன் ஜோகிந்தரும் தம்பி ஜஸ்வந்தும் செய்தது இதுதான். மூட்டானும் போன்ஸும் செய்தது இதுதான். இன்று நைவாஷா தூசியில் ஓடும் இளைஞர்கள் செய்வதும் இதுவேதான். தூரம் குறைந்தது, கார் மாறியது, வேலி வந்தது. இது மட்டும் மாறவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ராலி எதையாவது பார்க்க நேர்ந்தால், காருக்குள் இருக்கும் கேமராவின் காட்சியைப் பாருங்கள். ஓட்டுநரை விட்டுவிட்டு, தலையைக் குனிந்து படித்துக்கொண்டே வரும் அந்த இன்னொருவரைக் கவனியுங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை, குரலைக் கேளுங்கள். அத்தனை குலுக்கலிலும் அந்தக் குரல் நடுங்காது.

வளாகத்துக்குள் பைக்கை முறுக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் பொதுச் சாலையில் போகும்போது உலக சாம்பியனே ஆனாலும் போக்குவரத்து விதிப்படிதான் ஓட்ட வேண்டும். வேகம் மீறினால் அவருக்கும் அபராதம் உண்டு. நம் வளாகத்தில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். மறக்க வேண்டாம்.

கடைசியாக அந்த லேன்சர். பழைய கார்களைச் சீர்செய்து ஓட்டும் ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார், கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அந்த இடம் காலியாகும், சங்கத்துக்கு நன்றி. காரை எடுத்துச் செல்லும் அன்று முதல் ஒரு கிலோமீட்டர் மட்டும் நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவதாக நிபந்தனை போட்டிருக்கிறேன். கேட்டைத் தாண்டியதும் இடது, பிறகு பெரிய ஸ்பீடு பிரேக்கர், பால் பூத் தாண்டி வலது. நான் சொல்லிக்கொண்டே வருவேன், அவர் ஓட்டட்டும்.